டில்லமூக் பால் பண்ணைகளுக்கு ‘ஈக்விப்’ மானியம்: நல்ல பணம், நீண்ட காத்திருப்பு

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் உள்ள டில்லமூக் கவுண்டியில் மழையும் மாடுகளும்தான் அதிகம். சாணக் குழம்புத் தொட்டிக்கும் கொட்டகைக் கூரையின் மழைநீர்க் குழாய்க்கும் அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நடத்தும் ‘ஈக்விப்’ என்ற சுற்றுச்சூழல் மானியத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

முதலில் அதே துறையின் பண்ணைச் சேவை முகமையில் பண்ணை எண் வாங்கி, ஏடி-1026 (மண்ணரிப்பு நிலம், சதுப்பு நிலம் பற்றிய உறுதிமொழி), சிசிசி-941 (வருமான வரம்புச் சான்று) படிவங்களையும் கொடுத்துவிடுங்கள். இவை முடியாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கான்கிரீட் போட்டுவிடுவது. அந்த வேலைக்குச் சல்லிக்காசு கிடைக்காது.

செலவில் 75 சதவீதம் வரை, புதிய விவசாயிகளுக்கு 90 வரை என்பார்கள். ஆனால் கணக்கு உங்கள் பில்லை வைத்து அல்ல, ஒவ்வொரு வேலைக்கும் அலகுக்கு இவ்வளவு என்று பாதுகாப்புச் சேவை வைத்திருக்கும் விலைப் பட்டியலை வைத்து. பில் அதிகமானால் மிச்சம் உங்கள் தலையில். பணமும் வேலையைச் சரிபார்த்த பிறகே வரும். புதியவர்கள் பாதி முன்பணம் கேட்கலாம். அந்த முன்பணத்தை 90 நாளில் செலவழித்தாக வேண்டும்.

தொட்டியைவிடக் கூரைக் குழாயை முதலில் கேளுங்கள் என்போம். கூரைத் தண்ணீர் சாண முற்றத்தில் விழுந்தால், எவ்வளவு பெரிய தொட்டியும் குளிர்கால மழையில் நிரம்பிவிடும்.