ஆழம் குறைந்த போன்சாய்த் தட்டுகளுக்கான மண்கலவை: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மூன்று, நான்கு செ.மீ. ஆழமே உள்ள தட்டுகளுக்கு மண்கலவை தேர்ந்தெடுக்கும்போது, எதை எதோடு எந்த விகிதத்தில் கலப்பது என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. பல ஆண்டுகளாக வெவ்வேறு கலவைகளை இத்தகைய தட்டுகளில் பயன்படுத்திப் பார்த்ததில், கலவையில் இருக்கும் பொருளைவிடத் துகளின் அளவும் அதன் சீர்மையுமே மரத்தின் நிலையைத் தீர்மானிக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

தண்ணீர் ஊற்றி வடிந்த பின்னும் தொட்டியின் அடியில் ஓர் அடுக்கு முழுக்க நனைந்தே நிற்கும். துகள் சிறுத்தால் அந்த அடுக்கு உயரும், பெருத்தால் தாழும். தொட்டியின் ஆழத்துக்கு அதில் பங்கில்லை. ஒரு கலவையில் ஈர அடுக்கு 2 செ.மீ. நிற்கிறது எனக் கொண்டால், 10 செ.மீ. தொட்டியில் காற்றோட்டத்துக்கு 8 செ.மீ. மிஞ்சும், 3 செ.மீ. தட்டிலோ 1 செ.மீ.தான். ஆழமான தொட்டியில் செழித்திருந்த மரம் அதே கலவையுடன் தட்டுக்கு மாறியதும் வேர் அழுகித் தளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடியில் கூழாங்கல் பரப்பும் வழக்கம் தட்டுக்குச் சற்றும் பொருந்தாது; ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்குமே தவிர மறையாது. சொட்டுவது நின்ற பிறகு தட்டை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்தால், தாழ்ந்த பக்கத்துத் துளை வழியாக மீண்டும் தண்ணீர் ஒழுகுவதைக் காணலாம். தொடர்மழையின்போது தட்டின் ஒரு முனைக்கு அடியில் கட்டை வைத்துச் சாய்த்துவிடுவது இதே காரணத்தால் பயன் தருகிறது.

ஜப்பானிய மண்குருணையான அகடாமா ஈரத்தையும் சத்தையும் நன்கு பிடித்து வைக்கிறது. காய்ந்ததும் வெளிர் நிறமாகிவிடுவதால் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நாளடைவில் அது பொடிந்து களிமண்ணாகித் துளைகளை அடைக்கும். ஆழமான தொட்டி பொறுத்துக்கொள்ளும் இந்தக் குறையைத் தட்டு பொறுத்துக்கொள்ளாது என்பதால், எளிதில் பொடியாத பியூமிஸ் என்னும் நுண்துளைக் கல்லையும் எரிமலைக்கல்லையும் பெரும்பங்காக வைத்து, அகடாமாவைக் கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்கிறேன். நன்கு சுட்ட செங்கல்லை உடைத்துச் சலித்ததும் குறைசொல்ல முடியாத மாற்று. எதுவானாலும் 2 முதல் 5 மி.மீ. வரை சலித்தெடுத்து, தூளை முழுமையாக நீக்கிவிட வேண்டும். சலிக்கும் வேலையில் சலிப்புக் கொள்பவர்கள் தட்டுப் பக்கம் வராமலிருப்பதே நல்லது. தென்னை நார்க்கழிவைத் தட்டில் நான் சேர்ப்பதில்லை, ஏனெனில் மேற்பரப்பு காய்ந்து தெரியும்போதும் அடியில் அது ஈரத்தை விடாமல் பிடித்திருக்கும்.

பருமனான துகளுக்கு ஒரு விலை உண்டு: கோடையில் தட்டு சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். அதற்காகக் கலவையை நுண்மையாக்குவதைவிட, ஸ்பேக்னம் பாசியைப் பொடியாக நறுக்கி மேற்பரப்பில் மெல்லியதாகத் தூவி, இரு வேளையும் தண்ணீர் ஊற்றுவதே மேல். 2 செ.மீ.க்கும் குறைவான தட்டானால், மரத்தைக் கம்பியால் இறுகக் கட்டிவிட்டு, அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாகக் குவிக்கிறேன்; அந்த மேட்டின் உயரம் வேருக்குத் தேவையான காற்றோட்டத்தை ஈடுசெய்துவிடுகிறது.