டைகர் டாங்கிக்கு ‘ரெடிமேட்’ மெட்டல் ட்ராக்: பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டைகர் 1 என்பது இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் டாங்கி. அதன் 1/35 அளவு மாடலுக்கு, “ஒயிட் மெட்டல் ட்ராக், கெமிக்கலில் கருப்பாக்கியது, பெயின்ட் அடித்த சக்கரங்களுடன், அப்படியே மாட்டலாம்” என்று ஒரு செட் விற்கிறார்கள். ட்ராக் என்பது டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை, ஒயிட் மெட்டல் என்பது வெள்ளீயம் கலந்த மென்மையான வார்ப்பு உலோகம். விலை 6,800 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. அப்படி வாங்கிய செட் ஒன்றைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. இந்தக் குறைகளின் படங்களைப் பார்த்த பிறகு விற்றவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார். பணம் திரும்பி வரவில்லை.

டைகருக்குப் பக்கத்துக்கு 96 லிங்க் (ட்ராக்கின் கண்ணிகள்), மொத்தம் 192 வேண்டும். பையில் இருந்தவை 171. அதிலும் 18 லிங்க் குறுகலானவை. நிஜ டாங்கியில் போர் ட்ராக்கின் அகலம் 725 மி.மீ, ரயிலில் ஏற்றும்போது மாட்டும் ட்ராக் 520 மி.மீ. 1/35-இல் இவை 20.7, 14.9 மி.மீ ஆகும். இரண்டையும் கலந்து போட்டிருக்கிறார்கள். வெர்னியர் என்ற நுண் அளவுகோல் வைத்து இரண்டு லிங்க் அளந்தாலே இது தெரிந்துவிடும். ஆகவே, அளவுகோல் பக்கத்தில் வைத்த படம் கேளுங்கள். ஒரு பக்க ட்ராக்கை முழுதாகக் கோத்து நீட்டினால் சுமார் 357 மி.மீ வர வேண்டும்.

‘கெமிக்கலில் கருப்பாக்கியது’ என்பதும் பொய். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்ததும் கருப்பு கூழாகக் கரைந்து வந்தது. அது வெறும் ஸ்ப்ரே பெயின்ட். உலோகமே வினைபுரிந்து கருத்திருந்தால் அசிட்டோனில் இப்படிக் கரையாது, பஞ்சில் லேசான சாம்பல் கறைதான் படியும். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவாமல் அதன் மேலேயே அடித்திருப்பதால், ட்ராக்கை வளைக்கும்போதெல்லாம் மூட்டுகளில் தோல் தோலாக உரிகிறது. உரிந்த தூள் மூட்டுக்குள் போய் அடைத்து லிங்க் அசையாமல் நின்றுவிடுகிறது.

அந்தக் கருப்புக்கு மேல் வெள்ளி நிறத்தை எல்லா இடத்திலும் டிரை பிரஷ் செய்திருக்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். தரையையே தொடாத பள்ளங்களிலும் வெள்ளி. ட்ராக் பளபளப்பது உராய்வதால்தான். வெளிப்பக்கத்தில் தரையை மிதிக்கும் மேடுகளும், உட்பக்கத்தில் வழிகாட்டிக் கொம்புகளின் பக்கவாட்டும், ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கடிக்கும் விளிம்பும் தேய்ந்து மின்னும். ரப்பர் டயர் சக்கரம் உருளும் தடம் மங்கலாக மழுங்கியிருக்கும், கண்ணாடிபோல் மின்னாது. இரும்பு விளிம்புச் சக்கரம் 1944-இல் வந்த பிறகுதான் உள்தடத்தில் பளபளப்பு பொருந்தும்.

சக்கரங்கள்தான் மிக மோசம். தொடக்கத்தில் தயாரான, ரப்பர் டயர் சக்கர டைகரில் பக்கத்துக்கு 8 அச்சு, ஒவ்வோர் அச்சிலும் 3 சக்கரம், இரு பக்கமும் சேர்த்து 48. பக்கத்து அச்சுகளின் சக்கரங்கள் ஒன்றின் இடைவெளிக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். அதனால் உள்வரிசை முழுவதும் மாட்டிய பிறகுதான் அடுத்த வரிசையை மாட்ட முடியும். இந்த செட்டில் மூன்று மூன்றாக சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் நுழைத்தாலும் அவை ஒன்றில் ஒன்று இடிக்கும். ஒருமுறையாவது டைகர் கட்டியவர் இதைச் செய்யவே மாட்டார். டயருக்கோ பளபளக்கும் தூய கருப்பு! பழகிய ரப்பர் தூசி படிந்த கரும்சாம்பலாகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். முதலில் ஒரு லிங்க்கின் உள்மூலையை 1000 நம்பர் எமரித் தாளால் தேய்த்துப் பாருங்கள். உலோகம் என்றால் பளிச்சென்று மின்னும். சாம்பல் தூள் உதிர்ந்தால் அது ரெசின் (வார்ப்புப் பிளாஸ்டிக்), அதை அசிட்டோனில் போடக்கூடாது. உலோக லிங்க்குகளை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீர், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், விரல் பட்ட இடத்தில் கருப்பு பிடிக்காமல் திட்டுத் திட்டாக வரும்.

ஒயிட் மெட்டலைக் கருப்பாக்கும் பர்னிஷிங் திரவத்தை லேபிளில் சொன்ன விகிதத்தில் கலந்து, கையுறையோடு, ஜன்னல் திறந்த அறையில் முக்குங்கள். பலவற்றில் நச்சுச் சேர்மங்கள் இருப்பதால் அடுக்களைப் பாத்திரம் கூடவே கூடாது. புட்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்து, நிறம் சமமாக வந்ததும் எடுத்து ஓடும் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த பின் மண் நிற பிக்மென்ட் (நிறப்பொடி) தூவி, முன்பு சொன்ன தேய்மான இடங்களை மட்டும் எமரித் தாளால் மின்ன வையுங்கள்.

பிளாஸ்டிக் சக்கரத்தில் அசிட்டோன் பட்டால் உருகிவிடும், கிட்டவே கொண்டு போகாதீர்கள். ஒட்டிய சக்கரங்களை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் சூப்பர் க்ளூ நொறுங்கும் தன்மைக்கு வரும், மெல்ல முறுக்கினால் பெரும்பாலும் கழன்றுவிடும். முதலில் டாங்கியின் நிறத்தைச் சக்கரம் முழுதும் அடியுங்கள். பிறகு நீர்க்கக் கலந்த டாமியா எக்ஸ்எஃப்-85 என்ற ரப்பர் கருப்பு பெயின்ட்டை நுனி மெல்லிய பிரஷ்ஷில் எடுத்து, டயரும் இரும்பும் சேரும் பள்ளத்தில் தொட்டால் அது தானாகவே ஓடிச் சுற்றிவரும். மீதி ரப்பர் பரப்பில் அதே பெயின்ட்டை அதற்கப்புறம் நிரப்புங்கள்.

இனி வாங்குபவர்கள் லிங்க் எண்ணிக்கை, உட்பக்கப் படம், ட்ராக்கை வளைக்கும் வீடியோ, அசிட்டோன் பஞ்சு சோதனை ஆகிய நான்கையும் கேளுங்கள். மறுத்தால் விலகிவிடுங்கள். பார்சலைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுத்து வையுங்கள். இந்தியாவில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியும்போது அது கையில் இருக்க வேண்டும். இந்த செட்டில் கோக்கும் கம்பியும் வரவில்லை. துளைக்குள் தடையில்லாமல் நுழையும் பித்தளைக் கம்பியை லிங்க்கின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் செருகி, வெளி ஓரத்தில் மட்டும் ஒரு புள்ளி பசை வையுங்கள். பசை உள்ளே இறங்கினால் மூட்டு இறுகிவிடும்.