மறுபயிற்சியா, வார்டைச் சீரமைப்பதா?

செவிலியர்கள் கைத்தூய்மையைக் கடைப்பிடிக்கவில்லை என்றதும் நிர்வாகம் முதலில் நாடுவது மறுபயிற்சி வகுப்பைத்தான். செலவு குறைவு, ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த, கைகழுவ வேண்டிய ஐந்து தருணங்களையும் பிசகாமல் சொல்லும் செவிலியர்கூட, குழாய் வராந்தாவின் கோடியில் இருந்து, சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி வரை பிடிக்கும்போது, ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் அங்கே போய்வருவார் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

வார்டைச் சீரமைத்து, படுக்கையின் கால்மாட்டிலேயே சானிடைசர் குப்பியை மாட்டிவிட்டால் 20 முதல் 30 விநாடியில் வேலை முடிகிறது (கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்குச் சோப்பும் நீரும்தான்). ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் குப்பிகளைப் படுக்கையருகே வைத்து, சுவரொட்டிகளோடும் நிர்வாகத்தின் ஆதரவோடும் முயன்றதில், 1994-க்கும் 1997-க்கும் இடையே கடைப்பிடிப்பு 48 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாக உயர்ந்தது.

குப்பி மட்டும் போதாது. ரவுண்ட்ஸ் வரும் தலைமை மருத்துவரே கைதேய்க்காமல் அடுத்த நோயாளியைத் தொட்டுவிட்டால், அருகில் நிற்கும் புதிய செவிலியர் வகுப்பில் கற்றதை அங்கேயே கைவிட்டுவிடுகிறார். புதியவர்களுக்கு வகுப்பு அவசியமே. ஆனால் கற்றதை மறக்காதவர்களை மீண்டும் வகுப்பில் உட்காரவைக்கும் பணத்தில், தீர்ந்த குப்பியை அன்றே மாற்ற ஓர் ஆளை அமர்த்துவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.