181 பெண்கள் உதவி எண்: எதற்குக் கைகொடுக்கும், எங்கே கைவிடும்

தமிழ்நாட்டில் 2018 டிசம்பரில் தொடங்கிய 181-க்குக் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். வீட்டுக்குள் அடி உதை, வரதட்சணைத் தொல்லை, பின்னாலேயே வந்து தொந்தரவு செய்பவன் என்றால் முதலில் இங்கே பேசுவதே சரி. ஆனால் அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவசர எண் 112-தான். 181-இல் பேசுபவர் விவரம் கேட்டு உரிய இடத்தோடு இணைத்துவிடுவார். வீட்டுக்கு வந்து கதவைத் தட்ட வேண்டியது போலீஸ்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் காலைவாரிவிடக்கூடியது முகவரி. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டில் கதவு எண்ணை மட்டும் சொன்னால், வருகிறவர் பூட்டிக் கிடக்கும் பெரிய கதவு முன்னால்தான் நிற்பார். இரண்டு தெருப் பெயரையும் சொல்லி, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த படி, மாவட்டத்துக்கான ‘சகி’ மையம். சிகிச்சைக்கு ஏற்பாடு, போலீஸ் உதவி, வக்கீல், மனநல ஆலோசனை, தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். தங்குவது பொதுவாக 5 நாள் வரைதான். அதற்குள் அடுத்த இடம் பார்த்தாக வேண்டும். பெண் பிள்ளையை எந்த வயதிலும் கூட்டிப்போகலாம். பையனுக்கு வயது வரம்பு உண்டு, கிளம்புமுன் கேட்டுவிடுங்கள்.

2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் போகும்போது நம்மூர்ப் பெண்களிடம் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது: கல்யாணத்தில் பரப்பிய சாமான் பட்டியல். வெள்ளி, பித்தளை, வைரத்தோடு வரை எழுதிய அந்தத் தாளின் நகலும் சாமான் பரப்பிய போட்டோவும் இருந்தால், சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி மாஜிஸ்திரேட்டிடம் கேட்பது எளிது. பட்டியல் மாமியார் வீட்டு இரும்புப்பெட்டியில் இருந்தால் கஷ்டம்தான். அம்மா வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும்.

ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். “பேசித் தீர்த்துக்குங்கம்மா” என்ற வாய்ச்சொல்லுக்கு எண்ணும் கிடையாது, தேதியும் கிடையாது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால் நகல் இலவசம்.

இனி குறை. இந்த ஏற்பாடு முழுக்கப் பாதிக்கப்படுபவர் பெண், வன்முறை வீட்டுக்குள் என்ற கணக்கில் கட்டியது. பெரும்பாலான வழக்குக்கு அது பொருந்துகிறது, அதனால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மனைவியிடமோ மைத்துனர்களிடமோ அடிவாங்கும் ஆணுக்கு 2005 சட்டத்தில் இடமே இல்லை. சாதாரணக் காயம் விளைவித்த வழக்குதான் வழி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வயதுவந்த ஆணின் நிலை இன்னும் மோசம்: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், இப்படிப்பட்ட வழக்குக்குப் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவுக்கு ஈடானது இல்லை. திருநங்கை, திருநம்பிகளுக்கான 2019 சட்டம் பாலியல் வன்முறைக்கு அதிகபட்சம் 2 ஆண்டுச் சிறை என்று வைத்தது. பெண்ணுக்கு இழைத்த வன்புணர்ச்சிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் குறைந்தபட்சமே 10 ஆண்டு. இந்த ஓட்டையை உதவி எண்ணால் அடைக்க முடியாது.

18 வயதுக்குள் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஆண், பெண் பார்ப்பதில்லை. பையன் விஷயத்தை வீட்டோடு மூடி வைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போடுங்கள்.