தீக்கு நாலு நட்சத்திரம், அணுகுண்டுக்கு ஒன்றரை

2025 மே 7 அன்று நாடு முழுக்க நடந்த போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகைக்கு அப்புறம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நடந்த ஒரு பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். தீயணைப்பு, முதலுதவி எல்லாம் அருமை, மலையாளத்தில் சொன்னதைப் பாட்டிகளுக்காகத் தமிழிலும் சொன்னார்கள்.

அணுகுண்டுப் பகுதிதான் சொதப்பல். சைரன் கேட்டால் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். ஹிரோஷிமாவில் காலை 7:31க்கு ஆபத்து நீங்கியதாகச் சைரன் ஊதி, 8:15க்குக் குண்டு விழுந்தது. சைரனை மட்டும் நம்ப முடியுமா? அதே ஊரில் குண்டு வெடித்த மையத்திலிருந்து 170 மீட்டரில், கான்கிரீட் கட்டட நிலவறையில் இருந்த ஒருவர் பிழைத்தார் என்றாலும் அது அபூர்வம். பயிற்சி உதவுவது தள்ளியிருப்பவர்களுக்குத்தான்: வெடிப்புக்கு அப்புறம் விழும் கதிர்வீச்சுத் தூசியின் வீரியம் 7 மணி நேரத்தில் சுமார் பத்தில் ஒன்றாகவும் 2 நாளில் நூறில் ஒன்றாகவும் குறைந்துவிடும், அதனால் பிள்ளையைக் கூட்டிவர வண்டியெடுத்து ஓடாமல் கெட்டியான கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். இதைச் சொல்லவே இல்லை.

கட்டணம் கிடையாது, டீயும் பருப்புவடையும் உண்டு.