சீன மாணவருக்கு 'ஓப்பன்' கற்க எந்த அகராதி?

சீன மொழியில் 'கை' என்றொரு வினை உண்டு. நம் கை மாதிரிதான், கொஞ்சம் மூச்சுக்காற்றோடு, தொனியை உயரத்திலேயே ஏற்றஇறக்கமின்றி வைத்துச் சொல்ல வேண்டும். கதவைத் திறக்க, விளக்கைப் போட, கார் ஓட்ட, கூட்டம் நடத்த, எல்லாவற்றுக்கும் அதுவே. பூ மலர்வதும் தண்ணீர் கொதிப்பதும்கூட 'கை'தான். ஆங்கிலத்தில் அத்தனைக்கும் 'ஓப்பன்' போதும் என்று மாணவர் நினைக்கும்போது 'ஓப்பன் த லைட்' என்ற பிழை வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பழகியிருப்பார்கள்.

சீனாவில் பலரிடம் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் ஆங்கில–சீன இருமொழிப் பதிப்பு. பெய்ஜிங்கின் கமர்ஷியல் பிரஸ் வெளியீடு. ஆங்கில விளக்கமும் சீனப் பொருளும் அடுத்தடுத்து இருக்கும். கண் என்னவோ நேராகச் சீன எழுத்துக்குத்தான் தாவும். 'ஓப்பன்' என்றால் 'கை', சரி, அடுத்த சொல். வேகமாக வாசிக்க இது போதும். எழுதுவதற்கு ஆபத்து.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்கிளேர் குழு உருவாக்கி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி வேறு ரகம். விளக்கமே முழு வாக்கியமாக இருக்கும்: 'நீங்கள் கதவு, மூடி போன்ற ஒன்றை ஓப்பன் செய்தால்...' என்கிற பாணி. வினையோடு என்ன சேரும் என்பதும் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அங்கே விளக்கு இல்லை என்பதைக் கவனிக்கிற மாணவருக்கு இது நல்ல ஆசான். ஆனால் இல்லாததைக் கவனிப்பது யாருக்கும் சுலபமில்லை.

அதனால் என் ஓட்டு மூன்றாவதுக்கு: 2002-இல் முதலில் வந்த ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதி. இதில் தேட வேண்டியது பெயர்ச்சொல்லை. 'லைட்' பக்கத்தைப் புரட்டினால் அதோடு வரும் வினைகள் வரிசையாக நிற்கும்: டர்ன் ஆன், ஸ்விட்ச் ஆன், புட் ஆன். 'மீட்டிங்' என்று தேடினால் ஹோல்ட் கிடைக்கும். சீன மாணவருக்கு விளக்கும் தெரியும், கூட்டமும் தெரியும். அவர் தடுமாறுவது வினையில். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போக வைப்பது இது ஒன்றுதான்.

கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒற்றை எழுத்தாக 'கை' என்று கொடுத்தால் இருமொழி அகராதியின் அதே வம்பு. 'விளக்கைப் போடு' என்று முழுத் தொடராகக் கொடுத்தால் சரியான ஆங்கிலம் வரும். ஆனால் ஏன் அப்படி என்பது வராது.

சொற்சேர்க்கை அகராதிக்கும் ஒரு குறை உண்டு. அது பொருளை அவ்வளவாக விளக்காது. 'ஓப்பன் எ மீட்டிங்' என்று எழுதினால் இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் அது கூட்டத்தைத் தொடங்கி வைப்பது. நாள் முழுக்க நடத்துவதற்கு ஹோல்ட்தான் வேண்டும். இப்படி, சரியான வாக்கியமே வேறு பொருள் தரும் இடங்களுக்குக் கோபில்டைத்தான் புரட்ட வேண்டும்.