மேரி ஆற்றில் கணக்கெடுப்பு: தண்ணீர்ச் சோதனையா, வலையா?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓடும் மேரி ஆறு, 2009இல் அணைத் திட்டத்திலிருந்து தப்பியது. இப்போது அதன் கரைகளைச் சீரமைத்து மரம் நடுகிறார்கள். அங்குள்ள மீனையும் ஆமையையும் கணக்கெடுக்க எது சரியான வழி? மேரி ஆற்று காட் மீன் எந்தக் கிளையாற்றில் இருக்கிறது என்று பார்க்க, தண்ணீரை வடிகட்டி, அதில் மீன் உதிர்த்த டிஎன்ஏ இருக்கிறதா என்று சோதித்தாலே போதும். மீனுக்குத் தொந்தரவில்லை. டிஎன்ஏ நீரோட்டத்தோடு இறங்கிவிடுவதால் இடம் சற்றே பிசகும், அவ்வளவுதான்.

மேரி ஆற்று ஆமை விஷயம் வேறு. முட்டைகளை நரியும் நாயும் தின்றுதீர்த்து, கிழட்டு ஆமைகள் மட்டுமே மிஞ்சிய மடுவிலும் சோதனை ‘உண்டு’ என்றே சொல்லும். இளசுகள் வருகின்றனவா, பெண் ஆமைகள் எத்தனை என்றறிய, பிடித்து, ஓட்டின் நீளம் அளந்து, அடையாளமிட்டு விடத்தான் வேண்டும். ஆள்செலவு கூடினாலும் ஆமைக்கு வலைதான் சரி. (நீருக்குள் பின்புறத்தாலும் மூச்சுவிடும் பிராணிதான், அதற்காக வலையை மூழ்கவிட்டு மறந்துவிடக் கூடாது!)